சொன்ச்சீனோ: ஆற்றிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள ஐயா,

ஏப்ரலில் மிலானில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து சொன்ச்சீனோவுக்கு ஒரு நாள் போய்வர ஆசை. கோட்டை, அச்சு அருங்காட்சியகம், ஆற்றோரக் காடு மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா? அவ்வளவு சின்ன ஊரில் ஹீப்ரு அச்சகம் எப்படி வந்தது?

தமிழ்ச்செல்வி

அன்புள்ள தமிழ்ச்செல்வி,

முடியும். ஊரில் ரயில் நிலையம் இல்லை. கிரெமா வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் குறைவு. திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்து வையுங்கள். அருங்காட்சியகங்கள் மதியம் மூடிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எல்லோரும் கோட்டைக்குத்தான் முதலில் ஓடுகிறார்கள். ஊரை ஒட்டி ஓடும் ஓல்யோ ஆற்றைப் பார்க்காமல் போனால் அந்தக் கோட்டை எதற்கு என்றே புரியாது. 1454இல் மிலானும் வெனிசும் போரை முடித்துச் செய்துகொண்ட லோதி உடன்படிக்கைக்குப் பிறகு, இந்தப் பகுதியில் இந்த ஆறுதான் இரண்டுக்கும் எல்லையாக இருந்தது. அக்கரையில் ஓர்சினுவோவி வெனிசின் அரணாக நின்றது. அதனால்தான் 1473இல் மிலான் பிரபு கலியாட்சோ மரியா ஸ்ஃபோர்ட்சா இக்கரையில் இந்தக் கோட்டையைக் கட்ட வைத்தார். நான்கு கோபுரங்களில் மூன்று சதுரம், ஒன்று வட்டம். வாசலுக்கு முன்னால் தனியாக ஒரு காப்பரண் நிற்கும். அதைப் பிடிக்காமல் எதிரி உள்ளே வர முடியாது. இன்று தெரியும் தோற்றத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டடக் கலைஞர் லூக்கா பெல்த்ராமி செய்த சீரமைப்பும் கலந்திருக்கிறது.

அச்சகத்துக்கும் அதே 1454தான் தொடக்கம். ஜெர்மனியின் ஸ்பேயர் நகரிலிருந்து வந்த யூதக் குடும்பத்துக்கு இங்கே வட்டிக்கடை நடத்த அனுமதி கிடைத்தது. அதன் அடுத்த தலைமுறைகள்தான் அச்சில் இறங்கின. 1484இல் யூதர்களின் சமயச் சட்டத் தொகுப்பான தால்முதின் முதல் நூல், பெராகோத், இங்கே அச்சாகி வெளிவந்தது. நடுவில் மூலம், உள் ஓரத்தில் இடைக்கால அறிஞர் ராஷியின் உரை, வெளி ஓரத்தில் அவருக்குப் பின் வந்த அறிஞர்களின் குறிப்புகளான தோசஃபோத்: இன்றுவரை தால்முத் அச்சாகும் பக்க அமைப்பு இதுதான். 1488இல் ஹீப்ரு பைபிள் முழுவதும் உயிர்க்குறிகளோடும் (உயிரொலியைக் காட்டுபவை) ஓதற்குறிகளோடும் (ஓதும் இசையைக் காட்டுபவை) முதன்முறையாக இங்கே அச்சேறியது. எழுத்துகளுக்கு மேலும் கீழும் நுண்ணிய குறிகள். ஒன்று நகர்ந்தாலும் பொருள் மாறிவிடலாம். அருங்காட்சியகத்தில் அச்சுப்பொறியின் முன் கொஞ்சம் நின்று இந்த உழைப்பை நினைத்துப் பாருங்கள். குடும்பம் பிறகு ஊரை விட்டுப் போனது. அதில் ஒருவரான கெர்ஷோம் சொன்ச்சீனோ பிரெஷா, பேசாரோ என்று ஊர் ஊராக அச்சிட்டு, கடைசியில் கான்ஸ்டாண்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) சேர்ந்தார்.

காடு என்று நீங்கள் கேட்டது போஸ்கோ தெ லீசோலா. 1988இல் அமைந்த வடக்கு ஓல்யோ பூங்காவுக்குள் வருகிறது. வில்லோ, ஆல்டர், பாப்லர், ஓக் மரங்களும், ஆறு தடம் மாறியபோது விட்டுச்சென்ற குட்டைகளும் இருக்கும். ஆற்றுப்படுகை தாழ்ந்தால் நிலத்தடி நீரும் இறங்கும். குட்டை வற்றும், ஈரம் தேடும் ஆல்டர் காயும், அந்த இடத்தை அமெரிக்காவிலிருந்து வந்த ரொபீனியா மரம் பிடித்துக்கொள்ளும். முள்ளும் வெள்ளைப் பூங்கொத்துமாக நிற்கும் அந்த மரம் எங்கெல்லாம் அடர்ந்திருக்கிறதோ, அங்கெல்லாம் பழைய காடு தோற்றுக்கொண்டிருக்கிறது. எனக்கு அதுதான் கவலை.

ஏப்ரல் நல்ல தேர்வு. கோடையில் பாசனத்துக்குத் தண்ணீர் போய்விடும், கொசுவும் அதிகம். பலத்த மழை பெய்திருந்தால் கரையோரப் பாதை சேறாகிவிடும். அன்றைக்குக் காட்டை விட்டுவிட்டு மதில்களைச் சுற்றி நடங்கள். புல்லில் நடந்தால் நீளமான கால்சட்டை போடுங்கள். உண்ணி உண்டு, இரவில் முழங்காலுக்குப் பின்புறம் பார்த்துக்கொள்ளுங்கள்.