அந்தத் தோழியின் சகவாசத்தை ஏன் வெட்ட வேண்டும்?

வணக்கம் மேடம்,

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். நன்றாகப் படிப்பாள். நிறம் கொஞ்சம் கம்மி, ஆனாலும் களையான முகம். வகுப்பில் நான்கு பேர் ஒரு செட். அதில் ஒருத்தி கொடுத்த க்ரீமை எனக்குத் தெரியாமல் ஆறு மாதமாகப் போட்டிருக்கிறாள். இப்போது வெயிலில் போனால் முகம் சிவந்து எரிகிறது. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுகிறாள். போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். அந்தச் சகவாசத்தை எப்படி வெட்டுவது?

– ஒரு அம்மா, கரூர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அந்த ட்யூபையும் கையோடு எடுத்துப் போங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மோமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. கொஞ்ச நாள் முகம் பளிச்சென்று இருக்கும். அப்புறம் தோல் மெலியும், பரு கிளம்பும், கன்னத்தில் முடி முளைக்கும். நிறுத்தினால் எரியும், எரிகிறதே என்று மறுபடி போடத் தோன்றும். டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக்கூடாது என்று 2018இல் அரசு விதியை இறுக்கியது. கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற மெடிக்கல் ஷாப்புகள் இன்னும் இருக்கின்றன. எப்படி நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது இங்கே பிரச்சினையே இல்லை.

உங்கள் மகளின் நிறத்தை நான் கேட்டேனா? முகம் தெரியாத எனக்கு எழுதும் கடிதத்தில், அவள் படிப்பைச் சொன்ன கையோடு நிறத்தைச் சொல்கிறீர்கள். சொல்லிவிட்டு, களையான முகம் என்று சமாதானமும் செய்கிறீர்கள். எனக்கே சொல்கிறவர், வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லாமல் இருந்திருப்பீர்களா? துணிக்கடையில் அவள் ஆசையாக எடுத்த மஞ்சள் சுடிதாரை, “இந்தக் கலர் உனக்கு எடுக்காதுடி” என்று திருப்பி வைத்திருக்கமாட்டீர்களா? கோபப்படாதீர்கள். இந்தப் பேச்சை நானும் வாங்கியிருக்கிறேன்.

எனக்குப் பதினான்கு வயது. சித்தப்பா கல்யாணத்தில் அத்தை என்னைப் பிடித்து உட்காரவைத்துக் கழுத்துவரை பவுடர் அப்பினாள். வேர்வையில் அது சாம்பலாகத் திட்டுத் திட்டாக நின்றது. பக்கத்தில் என் அக்கா, நல்ல சிவப்பு. “ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைன்னா யாரு நம்புவா?” என்றாள் அத்தை. பந்தலே சிரித்தது. அம்மா தட்டில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள்; நிமிரவில்லை. கல்யாணத்துக்கு வந்திருந்த என் வகுப்புப் பெண் ஒருத்தி, திங்கட்கிழமை வகுப்பில் அதையே அத்தை குரலில் சொல்லிக் காட்டினாள். வருடம் முழுக்க ஓடியது அது. அவளைக் கெட்ட சகவாசம் என்றார்கள் வீட்டில். அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் பெயரிலிருந்து ஃபேரை எடுத்துவிட்டது. நம் பெண்கள் வயதுக்கு வந்ததிலிருந்து வரன் பார்க்கும்வரை நாம் அதை விடவில்லை. தோழிகள் கேலி செய்கிறார்கள், உண்மைதான். அந்த வயதில் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளத்தான் தோன்றும். ஆனால் எதை வைத்துக் கேலி செய்யலாம் என்பதை அவர்கள் நம்மிடமிருந்துதான் எடுத்துப் போகிறார்கள். இனி யாராவது உங்கள் முன்னால் அவள் நிறத்தைப் பேசினால், மாமியாராகவே இருந்தாலும், அவள் காது கேட்க மறுத்துச் சொல்லுங்கள்.

அந்தத் தோழியை வெட்டாதீர்கள். அவள் அம்மாவுக்கு இன்றைக்கே போன் போடுங்கள். மருத்துவரிடம் அந்தப் பிள்ளையையும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். அவள் முகத்திலும் அதே க்ரீம்தானே.