அம்மாட ஆத்துமா இப்ப எங்க? 31க்கு பூசை குடுக்கலாமா?

கேள்வி: நாங்க திருகோணமலை. அம்மா கத்தோலிக்கம், அப்பா சைவம், கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் அவங்கவங்க சமயத்திலதான் இருந்தாங்க. அப்பா தவறி கன காலம், எரிச்சு சாம்பல கடல்ல கரைச்சது. அம்மா போன மாசம் தவறிட்டா, சேமக்காலையில அடக்கம் செய்தம். இப்ப 31ம் நாள் வருது. பூசை குடுப்பம் எண்டா அண்ணா வரமாட்டாராம், அவர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போறவர். அம்மா ஏற்கனவே கர்த்தரிட்ட போயிட்டா, செத்தாக்களுக்கு ஜெபிக்கிறது பைபிள்ல இல்ல எண்டுறார். அப்பா ரட்சிக்கப்படேல்ல, நரகம்தான் எண்டும் சொல்லிட்டார். சித்தப்பா ஆக்கள் கன்னியாவில ஏதாவது செய்யோணும், இல்லாட்டி ஆத்துமா வீட்ட சுத்தும் எண்டுறாங்க. பக்கத்து வீட்டு அக்கா அட்வென்டிஸ்ட், அவ சொல்றா ஆத்துமா எங்கயும் போறேல்ல, நித்திரைதானாம். நான் யார்ட கதைய கேக்கிறது?

பதில்: தங்கச்சி, பூசைய குடுங்க, அதில யோசிக்க ஒண்டுமில்ல. ஆனா ஏன் குடுக்கிறம் எண்டுறது தெரிஞ்சு குடுத்தா அண்ணாவோட சண்டை பிடிக்காம குடுக்கலாம், அதுக்குத்தான் கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

முதல்ல அந்த 31. கனபேர் நினைக்கிறாங்க அது திருச்சபை போட்ட நாள் எண்டு. இல்ல. பழைய லத்தீன் பூசைப் புத்தகத்தில மூண்டாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாளுக்கெண்டு செபங்கள் இருந்தது, 31 எண்டு ஒண்டு இல்ல. எங்கட சைவ ஆக்கள் செத்தவங்களுக்குச் செய்யிற அந்தியேட்டிக் கிரியைய 31ல செய்யிறாங்க, ஒரே ஊர், ஒரே குடும்பம், அந்த நாள் எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது எண்டுதான் நான் நினைக்கிறன், அதில பிழையும் இல்ல. ஆனா அண்ணாக்கு லீவு கிடைக்காம 29லயோ 33லயோ வச்சாலும் அம்மாக்கு ஒண்டும் குறையாது. அதுவரைக்கும் ஆத்துமா வீட்டுக்குள்ள சுத்தும், வழி தெரியாம நிக்கும் எண்டு எந்தக் கிறிஸ்தவ சபையும் படிப்பிக்கிறேல்ல, கத்தோலிக்கம் இல்ல, மெதடிஸ்தம் இல்ல, அண்ணாட சபையும் இல்ல. உயிர் பிரிஞ்ச உடனயே ஆத்துமா கடவுள்ட கையிலதான். கன்னியா வெந்நீரூற்றில கிரியை செய்யிறது ராவணன் தன்ட தாய்க்குச் செய்த கதையோட வாற சைவ வழக்கம், சித்தப்பா அத மரியாதையிலதான் சொல்றார், அவரோட முறைக்காதீங்க. அவர் அண்ணிக்காக அங்க போய் ஏதாவது செய்தா அது அவர்ட நேசம், நீங்க செய்யத்தான் வேணும் எண்டு இல்ல.

இப்ப ஆத்துமா எங்க எண்ட கேள்வி. இதில ஒண்ட பிரிச்சுப் பாக்கோணும், பிரிக்காததாலதான் வீட்டுக்கு வீடு சண்டை. கடைசில என்ன நடக்கும் எண்டதில நீங்க, அண்ணா, பக்கத்து வீட்டு அக்கா மூண்டு பேருக்கும் ஒரே விசுவாசம்தான்: கிறிஸ்து திரும்ப வருவார், செத்தவங்க உடம்போட எழும்புவாங்க, தீர்ப்பு நடக்கும். சண்டை எல்லாம் செத்த நேரத்துக்கும் அந்தக் கடைசி நாளுக்கும் இடையில இருக்கிற காலத்தப் பற்றித்தான். பைபிள் அந்த இடைக்காலத்தப் பற்றிக் கனக்கச் சொல்லாது. சொல்ற கொஞ்சத்திலயும் லூக்கா 16ல செத்த லாசர் ஆபிரகாம்ட மடியில ஆறுதலா இருக்கிறார், பணக்காரன் வேதனையில கிடந்து கதைக்கிறான். பவுல் பிலிப்பியர் 1ல, நான் போய் கிறிஸ்துவோட இருக்கத்தான் ஆசை எண்டுறார். அதே பவுல் 1 தெசலோனிக்கேயர் 4ல செத்தவங்கள நித்திரை செய்யிறவங்க எண்டுறார். பிரசங்கி 9ல செத்தவங்களுக்கு ஒண்டும் தெரியாது எண்டிருக்கு. அக்காட சபை கடைசி ரெண்டையும் இறுக்கிப் பிடிக்குது, உயிர்த்தெழும்பும் வரைக்கும் ஒரு உணர்வும் இல்லாத நித்திரை எண்டு. மற்றப் பெரிய சபைகள் எல்லாம் முதல் ரெண்டையும் பிடிக்குது. புரட்டஸ்தாந்து சீர்திருத்தத்த தொடங்கின லூதரே சில இடத்தில நித்திரை எண்டு எழுதியிருக்கிறார், இன்னொரு சீர்திருத்தக்காரர் கல்வின் அந்தக் கருத்துக்கு எதிரா ஒரு தனிப் புத்தகமே எழுதினார், அப்ப பாருங்க சீர்திருத்தக்காரருக்குள்ளயே ஒத்துவரேல்ல.

எங்கட கத்தோலிக்கப் பக்கமும் இதில பெரிய குழப்பம் நடந்திருக்கு, இத நான் வகுப்பெடுக்கேக்க சொன்னா ஆக்கள் நம்பமாட்டாங்க. 1331ல 22ம் யோவான் பாப்பரசர், அப்ப பாப்பரசர்மார் ரோமில இல்ல பிரான்சில அவிஞ்ஞோன்ல இருந்த காலம், சகல பரிசுத்தவான்கள் திருநாளில தொடங்கி கொஞ்சப் பிரசங்கம் வச்சார். நல்லவங்கட ஆத்துமாக்கள் கூட கடைசித் தீர்ப்பு வரைக்கும் கடவுள நேருக்கு நேர பாக்கமாட்டாங்க, காத்துக்கொண்டிருப்பாங்க எண்டுறதுதான் அவர் சொன்னது. பாப்பரசரே சொல்லிட்டார் எண்டு எல்லாரும் வாய மூடிக்கொண்டு இருக்கேல்ல, பாரிஸ் பல்கலைக்கழக இறையியலாளர்கள் எழும்பி மறுத்தாங்க, பிரான்ஸ் ராசா வரைக்கும் பிரச்சினை போச்சு. கடைசில 1334 டிசம்பர்ல சாகக் கிடக்கேக்க அவர் தன்ட கருத்த வாபஸ் எடுத்திட்டுத்தான் கண்ண மூடினார். பிறகு வந்த 12ம் பெனடிக்ற் 1336ல முடிவாச் சொன்னார்: சுத்தப்பட வேண்டிய ஒண்டும் இல்லாத ஆத்துமா உடனயே கடவுளப் பாக்கும், சுத்தப்பட வேண்டியது சுத்தப்பட்ட பிறகு பாக்கும், ரெண்டுக்குமே கடைசி நாள் மட்டும் காத்திருக்கத் தேவையில்ல. இண்டைக்கு வரைக்கும் கத்தோலிக்கப் படிப்பினை இதுதான்.

அந்த சுத்தப்படுறதுக்குப் பேர்தான் உத்தரிக்கிற ஸ்தலம். பழைய படங்களில நெருப்புக்குள்ள கையத் தூக்கிக்கொண்டு நிக்கிற ஆத்துமாக்களப் பாத்து அது சின்ன நரகம் எண்டு நினைக்காதீங்க. அங்க இருக்கிற ஒவ்வொரு ஆத்துமாவும் மோட்சத்துக்குப் போறது நிச்சயம், ஒராளும் கீழ போகமாட்டாங்க. கல்யாண வீட்டுக்குள்ள ஏற முதல் வாசல்ல கால் கழுவுற மாதிரித்தான், உள்ள போறவங்களுக்குத்தான் அது. இத்தினை வருசம், இத்தினை நாள் எண்டு கணக்குச் சொல்ற ஆக்கள நம்பாதீங்க, 1563ல கத்தோலிக்க ஆயர்மார் கூடின திரெந்து சங்கமே இந்த விசயத்தில வீண் ஆராய்ச்சி, மூடநம்பிக்கை, காசு பாக்கிற வேல எல்லாத்தையும் தடுத்தது.

அண்ணா சொல்றது முழுக்கப் பிழை இல்ல எண்டும் சொல்லோணும். செத்தாக்களுக்கு செபிக்கிறதப் பற்றி நேரா இருக்கிற வேதபகுதி 2 மக்கபே 12, யூதா மக்கபே எண்ட யூதப் படைத்தலைவர் போரில செத்த வீரருக்காக காசு சேர்த்து எருசலேமுக்குப் பாவப்பரிகாரப் பலி ஒப்புக்குடுக்க அனுப்பினது. அந்தப் புத்தகம் எங்கட பைபிள்ல இருக்கு, அவர்ட பைபிள்ல இல்ல. அதால அவர் "பைபிள்ல இல்ல" எண்டா அவர் பொய் சொல்லேல்ல, உங்கட கையில இருக்கிறதும் அவர்ட கையில இருக்கிறதும் ஒரே தொகுப்பு இல்ல, அவ்வளவுதான். அதோட 1517ல லூதர் எழும்பினதே பாவமன்னிப்புச் சீட்டு வித்து செத்தவங்கட பேரில காசு சேர்த்த கூத்தாலதான், அந்தக் கோவத்தில நியாயம் இருக்கு.

ஆனா அதே லூதர் 1528ல எழுதினத அண்ணா கேள்விப்பட்டிருக்கமாட்டார். செத்தவங்களுக்காக தன்ட பக்தியில செபிக்கிறது பாவமில்ல எண்டுறார். கடவுளே, இந்த ஆத்துமாக்கு உதவி செய்யக்கூடிய நிலை எண்டா இரக்கமா இருங்க எண்ட கருத்தில ஒருக்கா ரெண்டுதரம் கேட்டிட்டு விடுங்க, அது போதும் எண்டுறார். மெதடிஸ்தத்த தொடங்கின ஜோன் வெஸ்லியும் உத்தரிக்கிற ஸ்தலத்த மறுத்தவர்தான், ஆனா விசுவாசத்தில செத்தவங்களுக்காக ஜெபிக்கிறத சரி எண்டவர், பரதீசு மோட்சம் இல்ல, மோட்சத்துக்கு முன்னறை எண்டு பிரசங்கத்தில சொன்னவர். பெந்தெகொஸ்தே இயக்கத்துக்கு வெஸ்லி வழி ஒரு பெரிய வேர். இதெல்லாத்தையும் அண்ணாட்ட வாதம் பண்ணி வெல்லச் சொல்லேல்ல, இந்த வாதத்தில வெண்டு ஒராள பூசைக்குக் கூட்டிக்கொண்டு வந்தத நான் கண்டதில்ல.

அவர கோயிலுக்கு இழுக்காதீங்க. அதுக்குப் பதிலா பின்னேரம் வீட்டில ஒரு அரை மணித்தியாலம் வைங்க, அம்மாட வாழ்க்கைக்காக நன்றி செலுத்துற ஜெபம், அத அண்ணாவே நடத்தட்டும். 1 தெசலோனிக்கேயர் 4, 13ல இருந்து 18 வரைக்கும் அவர வாசிக்கச் சொல்லுங்க, நம்பிக்கை இல்லாதவங்க மாதிரித் துக்கப்படாதீங்க எண்டு வாற இடம், அதுக்கு ஒரு சபையும் மறுப்புச் சொல்லாது. அம்மாட பேரில சாப்பாடு குடுக்கிறதெண்டா அதிலயும் ஒரு பிரச்சினையும் இல்ல, அவருக்கு அது தருமம், உங்களுக்கு தருமமும்தான் ஆத்துமாக்கு உதவியும்தான். அட்வென்டிஸ்ட் அக்காவையும் கூப்பிடுங்க, பண்டி இறைச்சி மட்டும் வேண்டாம், அவங்கட சபையில அது சாப்பிடமாட்டாங்க.

அப்பா. இதுதான் உங்கள உண்மையா நோகடிச்சது எண்டு கேள்வியில தெரியுது. அண்ணாட சபை போல கனக்க சபைகள் இயேசுவ வாயால அறிக்கையிடாதவங்களுக்கு மீட்பில்ல எண்டு இறுக்கமாப் படிப்பிக்குது, அவர் தன்ட சபையில கேட்டதச் சொல்றார், உங்கள காயப்படுத்தவெண்டு சொல்லியிருக்கமாட்டார். கத்தோலிக்கத் திருச்சபை அப்பிடிச் சொல்றேல்ல. 1964ல ரெண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவா எழுதினது, தன்ட குற்றம் இல்லாம நற்செய்திய அறியாம, நேர்மையான மனதோட கடவுளத் தேடி, மனச்சாட்சிப்படி வாழ முயற்சிக்கிறவங்களுக்கும் மீட்புக் கிடைக்கலாம் எண்டு. கிடைக்கும் எண்டு உத்தரவாதமும் இல்ல, இல்லை எண்ட தீர்ப்பும் இல்ல, நரகம் இருக்கு எண்டு படிப்பிக்கிற திருச்சபை, இன்னார் அங்க இருக்கிறார் எண்டு ஒராள்ட பேரையும் இதுவரைக்கும் அறிவிச்சதில்ல. அப்ப உங்கட அண்ணாக்கு அந்த லிஸ்ட் எங்கால வந்தது எண்டு எனக்கு விளங்கேல்ல.

சாம்பல் கடல்ல கரைச்சதால அப்பா எழும்ப ஏலாதோ எண்டும் யோசிக்காதீங்க. 2004 டிசம்பர் 26 சுனாமியில எங்கட கரையில எத்தின பேர்ட உடம்ப கடலே வச்சுக்கொண்டது, அவங்க எழும்பமாட்டாங்க எண்டு எந்த ஃபாதரும் எந்தப் பாஸ்டரும் சொல்லமாட்டார். கத்தோலிக்கருக்கு எரிக்கிறதே 1963ல இருந்து அனுமதிதான். ஆனா இனி எங்கட ஆக்களில யாரையாவது எரிச்சா சாம்பல கடல்ல தூவுறதோ வீட்டு அலுமாரில வைக்கிறதோ கூடாது, சேமக்காலை மாதிரி ஒரு புனித இடத்தில வைக்கோணும், 2016ல வத்திக்கான் அத எழுத்தில தந்திருக்கு. அப்பாட விசயத்த அதில போட்டுக் குழப்பாதீங்க, அவருக்கு அவர்ட முறைப்படி செய்தது.

காசு விசயமும் கேப்பீங்க. பூசைக்குக் குடுக்கிறது காணிக்கை, விலை இல்ல. கையில இல்லாட்டி இல்ல எண்டு சொல்லுங்க, இல்லாதவங்கட கருத்துக்காக காணிக்கை வாங்காமலே பூசை வைக்கச் சொல்லி திருச்சபைச் சட்டம் 945 குருமாரக் கேக்குது. நவம்பர் வந்தா 1ல இருந்து 8க்குள்ள ஒரு நாள் சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தி செபிச்சிட்டு வாங்க, பாவசங்கீர்த்தனம், நற்கருணை, பாப்பரசர்ட கருத்துக்கான செபம் எல்லாம் சேர்த்து செய்தா அந்த நாட்களில ஆத்துமாக்களுக்கெண்டு பரிபூரண பலன் இருக்கு, பாவத்துக்காக அனுபவிக்க மிஞ்சியிருக்கிற தண்டனை முழுக்க நீங்குறதத்தான் அப்பிடிச் சொல்றது.

பேர் குடுக்க கோயில் ஒஃபிஸுக்குப் போகேக்க அம்மாட பேரோட அப்பாட பேரையும் சேர்த்து எழுதுங்க. குருவானவர் உயிரோட இருக்கிற, செத்த எவருக்காகவும் பூசை ஒப்புக்குடுக்கலாம் எண்டு சட்டம் 901 சொல்லுது, எவரும் எண்டா எவரும்தான். அங்க யாராவது "அவர் சைவமெல்லோ" எண்டு பேனைய நிப்பாட்டினா 901 எண்டு சொல்லுங்க, ஃபாதருக்கு விளங்கும்.