ஃப்ளைட் சிமுலேட்டரில் மலை ஓடுதளங்களில் இறங்க விலை உயர்ந்த ஜாய்ஸ்டிக் வாங்கியே ஆகவேண்டுமா?

செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை எடுத்துக்கொண்டு நேபாளத்தின் லுக்லாவுக்குப் போகிறேன், ஒவ்வொரு தடவையும் ஓடுதளத்தைத் தொடுவதற்கு முன்பே மோதிவிடுகிறது, ஜாய்ஸ்டிக்கை மாற்றினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்காதீர்கள். இந்தக் காரணத்துக்காக மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். அதே விமானத்தில் அதே இடத்தில் நான் 43 தடவை மோதியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிவைத்ததால் எண்ணிக்கை தெரியும்.

பெரிய விமான நிலையங்களில் நீங்கள் ஓரளவு ஒழுங்காக இறங்குபவர் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பழக்கம்தான் இங்கே காலை வாருகிறது. மூன்று டிகிரி சரிவில் நெருங்கும்போது ஒரு சமதள ஓடுதளம் எப்படித் தெரியும் என்பது நம் கண்ணுக்கு மனப்பாடம். லுக்லா ஓடுதளத்தின் நீளம் 527 மீட்டர்தான். அதற்குள்ளேயே சுமார் 60 மீட்டர் மேலே ஏறிவிடுகிறது. 11.7 சதவீதச் சரிவு, டிகிரியில் சொன்னால் ஏழுக்குச் சற்றுக் குறைவு. எதிரே நிமிர்ந்து நிற்கும் ஓடுதளத்தைப் பார்த்தவுடன் 'ரொம்ப உயரத்தில் வருகிறோம்' என்று தோன்றும், கை தானாக மூக்கை இறக்கும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள்: பழகிய அந்தக் காட்சி லுக்லாவில் அப்படியே தெரியவேண்டுமானால், விமானம் ஓடுதளத்தின் கீழ்முனையைவிடத் தாழ்வாகப் பறந்துகொண்டிருக்க வேண்டும். அங்கே இருப்பது மலைச்சரிவு.

ஒரு நாள் நோட்டைப் புரட்டியபோது, 43-இல் 31 தடவை அந்தக் கீழ்முனைக்கு அடியிலேயே மோதியிருந்தது தெரிந்தது. கை நடுங்குகிறது, கருவி சரியில்லை என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். கை சரியில்லாமல் இருந்தால் மோதல்கள் நாலா பக்கமும் சிதறியிருக்கும் அல்லவா? ஒரே இடத்தில் விழுகிறது என்றால் கோளாறு கண்ணில்.

அதைப் புரிந்துகொள்வதற்குள் நானும் காசைச் செலவழித்துவிட்டேன், விமானத்தின் வால் சுக்கானைக் காலால் திருப்பும் ரடர் பெடல்கள் வாங்கினேன். நான்கே மாதத்தில் வலது பெடல், காலை வைக்காதபோதே துடிக்க ஆரம்பித்தது. உத்தரவாதக் காலம் முடியவில்லை. நிறுவனத்துக்கு எழுதினால் முதலில் வீடியோ கேட்டார்கள், அனுப்பினேன். ரசீது கேட்டார்கள், அனுப்பினேன். பிறகு வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டி வேண்டும் என்றார்கள். பெட்டியை யார் நான்கு மாதம் வைத்திருப்பார்கள்? அதற்கப்புறம் ஏழு வாரம் பதிலே இல்லை. வாங்கும்வரை ஒரு மணி நேரத்தில் பதில் போட்டவர்கள். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், தெரியும். ஆனால் கருவி வாங்கச் சொல்லி அறிவுரை தருபவர்கள் யாரும் இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கண்ணை நம்புவதை விட்டு உயரமானியை நம்ப ஆரம்பித்தேன். லுக்லாவின் உயரம் 9,334 அடி. ஓடுதளத்துக்கு இரண்டு நாட்டிகல் மைல் (சுமார் 3.7 கி.மீ.) முன்னால் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளியில் உயரம் 10,000 அடி, வேகம் 65 நாட் (மணிக்கு 65 நாட்டிகல் மைல்), இறக்கம் நிதானமாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று பிசகினாலும் உடனே திரும்பிவிட வேண்டும். ஃப்ளாப்பை, அதாவது இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகட்டை, முழுசாக இறக்குவது அந்தப் புள்ளியைத் தாண்டிய பிறகுதான். பள்ளத்தாக்கின் நடுவில் போகாமல் வலது ஓரமாகவே போனேன், அப்போதுதான் இடது பக்கம் திரும்ப முழு அகலமும் கிடைக்கும்.

புள்ளியைத் தாண்டிவிட்டால் திரும்புவது கிடையாது. ஓடுதளத்தின் மேல்முனைக்கு அப்பால் மலை. அந்த உயரத்தில் 172-இன் எஞ்சின், கடல் மட்டத்தில் தருவதில் சுமார் 70 சதவீத சக்திதான் தரும். மிக்ஸ்சரை, அதாவது காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவை, குறைக்காமல் போனால் அதுவும் கிடைக்காது. முழு ஃப்ளாப்போடு அந்த மலையை ஏறித் தாண்டலாம் என்று நினைக்கவே வேண்டாம். நிஜத்திலும் மலையை நோக்கித்தான் இறங்குகிறார்கள், பள்ளத்தாக்கை நோக்கித்தான் கிளம்புகிறார்கள்.

இன்னொன்று. மெல்லிய காற்றில் வேகமானி 65 காட்டும்போது உண்மை வேகம் கிட்டத்தட்ட 75 நாட். தரை வேகமாக ஓடிவருவதைப் பார்த்து வேகத்தைக் குறைத்தீர்களானால் ஸ்டால்தான், இறக்கை விமானத்தைத் தாங்காமல் கைவிட்டுவிடும். முள்ளை மட்டும் பாருங்கள்.

44-ஆவது தடவை சக்கரம் ஓடுதளத்தைத் தொட்டது. அதிலும் ஒரு தப்பு செய்தேன், பழக்கத்தில், எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுக்க மூடிவிட்டேன். மூன்று டிகிரி கீழ்நோக்கி வரும் விமானத்தை ஏழு டிகிரி மேல்நோக்கித் திருப்ப வேண்டியிருக்கிறது, அதற்குச் சக்தி வேண்டும். தட்டென்று விழுந்து பாதி வழியில் நின்றுவிட்டது, மேலே இருக்கும் நிறுத்துமிடத்துக்குப் போக த்ராட்டிலை நன்றாகத் தள்ள வேண்டியிருந்தது. ஆனாலும் அன்று எழுந்துபோய்க் கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

விமானிகள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் விமானி இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டுபவனுக்கு உயிர்ப்பயம் இல்லை, காற்று தூக்கிப்போடுவது உடம்பில் தெரியாது. நான் சொன்ன எண்கள் சிமுலேட்டரில் நான் வைத்துக்கொண்டவை, நிஜ விமானத்துக்கான வழிமுறை அல்ல. அதற்காக 'வெறும் விளையாட்டுதானே' என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். சரிவு ஓடுதளம் கண்ணை ஏமாற்றும் என்பது விமானிகளுக்குப் பயிற்சியிலேயே சொல்லித்தரப்படும் பாடம். நான் அதை மோதி மோதிக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

இப்போது கையில் இருக்கும் ஜாய்ஸ்டிக்கை வைத்தே தொடங்குங்கள். நேரத்தைக் காலையாகவும் காற்றைச் சுழியமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்துத் தடவை இறங்கவே முயல வேண்டாம். புள்ளி வரை போங்கள், மூன்று எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள், இடது பக்கம் திரும்பி வந்துவிடுங்கள். பத்திலும் எண்கள் ஒத்துப்போனால் பதினொன்றாவது தடவை ஃப்ளாப்பை முழுசாக இறக்குங்கள்.