ஸ்காலப் கேட்டார், சிப்பி வந்தது

கேள்வி: என் மகன் இரண்டு வருடம் சிட்னியில் படித்துவிட்டு இப்போது மெல்பர்னில் வேலை பார்க்கிறான். நாங்கள் சுத்த சைவம். சிட்னியில் உருளைக்கிழங்கு பஜ்ஜி போல ஒன்றை ‘ஸ்காலப்’ என்று விற்கிறார்கள். அவனுக்கு அது உயிர். போன வாரம் மெல்பர்னில் ஒரு கடையில் அதே பெயரைச் சொல்லி வாங்கிக் கடித்தால், உள்ளே கடல் சிப்பி! போய்க் கேட்டால், ‘நீங்கள் சொல்வதற்கு இங்கே பொட்டேட்டோ கேக் என்று பெயர்’ எனச் சிரிக்கிறார்களாம். ஒரே நாடு, ஒரே ஆங்கிலம், ஒரு பஜ்ஜிக்கு ஊருக்கொரு பெயரா? இது ஏமாற்று வேலை இல்லையா? எது சரியான பெயர்? அரசாங்கம் சட்டம் போட்டு ஒரே பெயர் ஆக்கினால் என்ன?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஏமாற்று வேலை இல்லை ஐயா. உங்கள் மகன் ஸ்காலப் கேட்டார், ஸ்காலப் கொடுத்தார்கள். விசிறி போல ஓடு கொண்ட அந்தச் சிப்பிக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். வழக்கத்தில் இல்லாத பொருளில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியவர் கடைக்காரர் இல்லை, சிட்னியிலிருந்து வந்த உங்கள் பிள்ளை.

அதற்காகச் சிட்னிக்காரர்கள் சொல்வது தப்பு என்றும் நான் சொல்லவில்லை. உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி, கரைத்த மாவில் தோய்த்து, எண்ணெயில் போட்டுப் பொன்னிறமாக எடுத்து, மேலே உப்பைத் தூவி, காகிதத்தில் சுருட்டிக் கொடுக்கும் பண்டம் அது. சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் ஸ்காலப். மெல்பர்னிலும் ஹோபார்ட்டிலும் பொட்டேட்டோ கேக். அடிலெய்டில் பொட்டேட்டோ ஃப்ரிட்டர். சிப்பி வேண்டும் என்றால் சிட்னியில் ‘சீ ஸ்காலப்’ என்று கடலையும் சேர்த்துச் சொல்வார்கள். ஹோபார்ட்டில் போய் உருளைக்கிழங்கை ஸ்காலப் என்றால் பேந்தப் பேந்த விழிப்பார்கள். மசாலா போட்ட சிப்பியைப் பை என்னும் மாவுக் கூட்டுக்குள் வைத்து பேக்கரியில் விற்கும் ஊர் அது.

உங்கள் வீட்டில் ‘இன்று என்ன கறி?’ என்றால் கத்தரிக்காயா வாழைக்காயா என்று அர்த்தம். இரண்டு தெரு தள்ளிப் போய் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், ஆடா கோழியா என்பார்கள். அதற்குச் சட்டம் கேட்டு நீங்கள் எனக்கு எழுதியதில்லை.

‘ஒரே நாடு’ என்கிறீர்கள். 1901 ஜனவரி 1 வரை அது ஆறு தனித்தனிக் காலனிகள். ஒருவரோடொருவர் எவ்வளவு ஒட்டாமல் இருந்தார்கள் என்பதற்கு ஒரு சான்று போதும்: சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸின் தண்டவாள அகலம் 1435 மில்லிமீட்டர், மெல்பர்ன் இருக்கும் பக்கத்து விக்டோரியாவில் 1600. சிட்னியிலிருந்து மெல்பர்னுக்கு ரயிலில் போகிறவர் எல்லையில் உள்ள ஆல்பரியில் மூட்டை முடிச்சோடு இறங்கி அடுத்த ரயில் ஏற வேண்டும். இந்தக் கூத்து 1962 வரை நடந்தது. ஆளே இறங்கி ஏற வேண்டிய இடத்தில் சூடான பஜ்ஜி எங்கே பயணம் போகும்? சுட்ட இடத்திலேயே தின்று தீர்க்கிற பண்டத்துக்கு அந்த ஊர் வாய் வைத்ததுதான் பெயர். பொட்டலம் கட்டி நாடு முழுக்க லாரியில் போகிற பண்டங்களைப் பாருங்கள்: 1964இல் வந்த டிம் டாம் பிஸ்கட் பெர்த்திலும் டிம் டாம்தான், கெய்ன்ஸிலும் டிம் டாம்தான். பெயரைத் தொழிற்சாலையே உறையில் அச்சடித்து அனுப்பிவிடுகிறது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்பதை ஆஸ்திரேலியா ஒரு முறை செய்து பார்த்துவிட்டது, பஜ்ஜிக்கு அல்ல, ஊர்ப் பெயர்களுக்கு. அடிலெய்டைத் தலைநகராகக் கொண்ட தெற்கு ஆஸ்திரேலியாவில் 1830களின் கடைசியிலிருந்தே ஜெர்மானியர்கள் வந்து குடியேறி, திராட்சைத் தோட்டம் போட்டு, தங்கள் ஊர்களுக்குத் தங்கள் மொழியில் பெயர் வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மன் என்றாலே எதிரி. 1917இல் சட்டம் போட்டு அந்த மாகாணத்தில் 69 ஊர்ப் பெயர்களை அழித்தார்கள். ஹான்டார்ஃப் என்ற ஊர் ஆம்பிள்சைட் ஆயிற்று. உணவுக்குச் சட்டம் தேவைப்படவில்லை, கடைக்காரர்களுக்கு இருந்த பயமே போதுமானதாக இருந்தது. ஜாம் வைத்துப் பொரித்த ‘பெர்லினர்’ என்ற பன், பிரிட்டிஷ் தளபதி கிச்சனரின் பெயரைச் சூட்டிக்கொண்டு ‘கிச்சனர் பன்’ ஆகிவிட்டது. இன்றும் அடிலெய்டு பேக்கரிகளில், வயிற்றைக் கிழித்து ஜாமும் க்ரீமும் திணித்து, அந்தப் பெயரில்தான் அடுக்கியிருக்கிறார்கள்.

அடுத்து, நீங்கள் கையால் தொடாத ஒரு பண்டம், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். இறைச்சியைக் கூழாக அரைத்து, தடித்த உருளையாக வேகவைத்து, மெல்லிசாகச் சீவி ரொட்டிக்குள் தக்காளி சாஸோடு வைத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுகிற ஒரு வெளிர்சிவப்புச் சாசேஜ். மலிவானது, பெரிய ருசியும் இல்லை. ஆனால் அந்த நாட்டில் இத்தனை பெயர் வாங்கியது வேறொன்று இருக்குமா தெரியவில்லை. சிட்னியில் டெவன், பெர்த்தில் பொலோனி. குவீன்ஸ்லாந்தில் விண்ட்சர் சாசேஜ் என்று ஒரு பெயர் இருந்தது. 1917 ஜூலையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தம் குடும்பத்தின் ஜெர்மன் பெயரை உதறிவிட்டு எடுத்துக்கொண்டாரே, அதே விண்ட்சர். டாஸ்மேனியாவில் பெல்ஜியம் சாசேஜ். ஜெர்மன் படை 1914இல் மிதித்துக்கொண்டு போன நாடு பெல்ஜியம். பெயர்களை வரிசையாக வைத்தாலே போர்ச் செய்தி படிப்பது போல இருக்கிறது.

ஜெர்மன் ஊர்ப் பெயர்களைச் சட்டம் போட்டு அழித்த தெற்கு ஆஸ்திரேலியாவில் மட்டும் இதற்கு என்ன பெயர் தெரியுமா? ஃபிரிட்ஸ்! போர்க்களத்தில் ஜெர்மன் சிப்பாயைக் கேலியாகக் கூப்பிட்ட அதே பெயர். அந்த மாகாணத்தில் கறிக்கடைக்கு அம்மாவோடு போகும் குழந்தைக்கு, கல்லாவுக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு துண்டு ஃபிரிட்ஸ் சும்மா கொடுப்பது வழக்கம். அந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவனாகி வேறு பெயர் சொல்லுமா என்ன? ஹான்டார்ஃபும் 1935இல் தன் பழைய பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டது. சட்டத்தின் ஆயுள் அந்த ஊரில் 18 வருடம்.

மாகாண எல்லையைக்கூட இந்தப் பெயர்கள் மதிப்பதில்லை. புரோக்கன் ஹில் என்ற சுரங்க ஊர் நியூ சவுத் வேல்ஸில் இருக்கிறது. அதன் தாது உருக்கப்படுவதற்கு ரயிலில் போனது தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் பிரிக்கு, ஊர்க் கடிகாரம் ஓடுவது அடிலெய்டு நேரத்துக்கு. அங்கே போய் டெவன் கேட்காதீர்கள், ஃபிரிட்ஸ் கேளுங்கள்.

மற்ற சண்டைகளெல்லாம் சில்லறை. குச்சி ஐஸை சிட்னியில் ஐஸ் பிளாக் என்பார்கள், மெல்பர்னில் ஐஸி போல். கோழித் துண்டின் மேல் தக்காளியும் சீஸும் போட்டுச் சுடுகிற பார்மிஜியானாவைச் சுருக்கி மெல்பர்ன் ‘பார்மா’ என்கிறது, சிட்னி ‘பார்மி’ என்கிறது. கடைசி எழுத்துக்காக மணிக்கணக்கில் வாதாடுவார்கள். வாதாடட்டும், யாருக்கும் நஷ்டமில்லை.

பெயரால் நிஜமாகவே பை இளைப்பது ஒரே இடத்தில்தான்: பீர்க் கடையில். உங்கள் மகன் போவாரா என்று நான் கேட்கவில்லை, பக்கத்து வீட்டுப் பையனுக்காகச் சொல்கிறேன். சிட்னியில் ஸ்கூனர் என்ற பீர்க் கோப்பை என்றால் 425 மில்லி. அடிலெய்டில் அதே சொல்லுக்கு 285 மில்லிதான் வரும். சரி, பெரிதாகவே வாங்குவோம் என்று அங்கே பைன்ட் கேட்டால் வருவது 425. மற்ற ஊர்களில் பைன்ட் என்றால் 570. அந்த அளவு அடிலெய்டில் வேண்டுமென்றால் ‘இம்பீரியல் பைன்ட்’ என்று சொல்ல வேண்டும். 1970களில் அவுன்ஸை ஒழித்து மில்லிலிட்டரைக் கொண்டுவந்தார்கள். அப்போதும் கோப்பையின் பெயர்களை யாராலும் அசைக்க முடியவில்லை. அதனால் அங்கே பெயரை விட்டுவிட்டு மில்லியைக் கேட்பது புத்திசாலித்தனம்.

அப்புறம், உங்கள் மகனின் சைவம். அதைப் பற்றித்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கடைகளின் முக்கிய வியாபாரம் மீனும் சிப்ஸும். மீன் பொரிகிற அதே தொட்டியில்தான் பெரும்பாலும் உருளைக்கிழங்கும் இறங்கும். பழைய பாணிக் கடைகள் சிலவற்றில் பொரிப்பது எண்ணெயிலேயே அல்ல, மாட்டுக் கொழுப்பில். சிட்னியில் இரண்டு வருடம் அவர் விரும்பிச் சாப்பிட்ட ஸ்காலப் எதில் வெந்தது என்பதை விசாரிக்கச் சொல்லுங்கள். பெயர் எதுவானாலும், ‘எதில் பொரிக்கிறீர்கள்?’ என்று கேட்டுவிட்டு வாங்கட்டும்.