ஷாங்காய்க்கு வரப்போகும் தம்பிக்கு

தம்பி, ஷாங்காயில் வேலை கிடைத்திருக்கிறது, வாடகை எவ்வளவு ஆகும், இட்லி மாவு கிடைக்குமா, கொரோனா காலத்துக் கெடுபிடியெல்லாம் முடிந்துவிட்டதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையை உங்கள் கம்பெனியில் கேளுங்கள். மாவை மிக்ஸியிலேயே அரைத்துக்கொள்ளலாம், கிரைண்டரைச் சுமந்து வராதீர்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் இந்தப் பதில்.

கெடுபிடி 2022 டிசம்பரில் முடிந்தது. அதுவரை ஒவ்வொருவர் கைபேசியிலும் ஒரு சுகாதாரக் குறியீடு இருந்தது. பச்சை என்றால் நடமாடலாம். சிவப்பு என்றால் கடைக்குள்கூட விடமாட்டார்கள். நோய்க்காகத்தானே என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டோம், நானும்தான். அந்த ஆண்டு ஏப்ரலில் ஹெனான் மாகாணத்தில் சில கிராமிய வங்கிகள் பணத்தைத் தராமல் முடக்கின. ஜூனில், போட்ட பணத்தைக் கேட்க மாகாணத் தலைநகரான ஜெங்ஜோவுக்குக் கிளம்பியவர்களின் குறியீடு திடீரென்று சிவப்பானது. காய்ச்சலும் இல்லை, தொற்றும் இல்லை. மொத்தம் 1,317 பேர். அவர்களில் பாதிக்கு மேல் அந்த நகரத்தில் கால் வைக்காதவர்கள். நாடே கொதித்த பிறகு அதிகாரிகள் 5 பேரைத் தண்டித்தார்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் நம் ஆட்கள் சிலர், "இந்தக் கண்டிப்பு நம் நாட்டுக்கும் வேண்டும்" என்பார்கள். வந்து பத்து வருடமாகியும் வாசல் காவலாளியிடம் சீன மொழியில் நாலு வார்த்தை பேசத் தெரியாதவர்கள். அவர்களிடம் யோசனை கேட்காதீர்கள். நான் காய்கறிக்காரியிடம் பேரம் பேசியே மொழி கற்றவன்.

அதே 2022 நவம்பரில் சீனாவின் மேற்கே உரும்சி நகர அடுக்குமாடித் தீயில் 10 பேர் இறந்தார்கள். கொரோனா கெடுபிடியால்தான் அவர்களால் தப்ப முடியவில்லை என்று மக்கள் கொதித்தார்கள். இங்கே, அந்நகரின் பெயர் கொண்ட சாலையில் இளைஞர்கள், எழுதினால் தடை என்பதைக் காட்ட வெற்றுத்தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதன்பின் போலீசார் வழிப்போக்கர்களின் கைபேசியை வாங்கி, இணையத் தடையைத் தாண்ட உதவும் வி.பி.என்., இங்கே தடுக்கப்பட்ட டெலிகிராம் செயலி இருக்கிறதா என்று பார்த்தார்கள். சாலைப் பெயர்ப்பலகையைக்கூடக் கழற்றிவிட்டார்கள். கிருமியைத் தேட இறங்கிய கண் கிருமியோடு திரும்பிப் போகவில்லை. ஆகவே இங்கே வாட்ஸ்அப் போலப் பயன்படும் வீசாட் செயலியின் குழுவில் வாய்க்குப் பூட்டு. வீடு எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிந்துவிடுங்கள். 2013-ல் என் வாடகை வீட்டின் உரிமையாளர் ஒப்பந்த நகலைத் தராமல் இழுத்தடித்ததில், இரண்டு பெட்டியோடு மூன்று முறை காவல் நிலையத்துக்கு நடந்தவன் நான்.

2022 மார்ச் 28 அன்று எங்கள் புதோங் பகுதியை நான்கு நாள் என்று சொல்லி மூடினார்கள். நகரம் திறந்தது ஜூன் 1-ல். முட்டையும் கீரையும் பண்டமாற்றுதான். எதிர்வீட்டுப் பாட்டி ஒரு முட்டைக்கோஸ் கொடுத்தார், நான் துவரம்பருப்பு கொடுத்தேன். மூன்று மணி நேரம் கொதித்தும் வேகவில்லை என்று கதவைத் தட்டினார். குக்கரையும் கொடுத்தேன். முதல் விசிலுக்கே கீழே நின்ற, வெள்ளைப் பாதுகாப்பு உடுப்பு போட்ட கொரோனா பணியாளர் ஒலிபெருக்கியில், "எந்த வீட்டில் சத்தம்?" என்றார். பாட்டி ஜன்னலைத் திறந்து, "இந்தியர் வீட்டில்" என்று பதில் சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தார்.