தெருவில் பிறந்த பூனைக்குட்டியை எடுத்து வளர்த்தால் எங்களோடு ஒட்டுமா?

ஒட்டும். எடுத்து வந்த குட்டி கிட்டவே வராமல் ஒளிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒட்டுவது என்றால் மடியில் ஏறிப் படுப்பது என்று நினைத்துக் கேட்கிறீர்களோ என்பதுதான் என் சந்தேகம். எங்கள் வரியன் 2020 டிசம்பரில், புரெவிப் புயல் மழையோடு எங்கள் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வீட்டுக்குள் வந்தவன். இன்றுவரை என் மடியில் இருந்ததில்லை. ஆனால் அவனைப்போல வீட்டு ஆட்களோடு ஒட்டிய பூனை இந்த ஒழுங்கையிலேயே இல்லை என்பேன்.

தாய் தெருப்பூனை. எங்கள் விறகுக் கொட்டிலில் இரண்டு குட்டி போட்டது. ஒன்று துணிச்சல்காரி. கண் திறந்த கொஞ்ச நாளிலேயே பக்கத்து வீட்டு மாமி வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து தூக்கிக் கொஞ்சத் தொடங்கிவிட்டார். மற்றவன் வரியன். ஆள் அரவம் கேட்டாலே விறகுக்கு அடியில் போய்விடுவான். வெள்ளம் கொட்டிலுக்குள் ஏறியபோதுதான் அவனைக் கடகத்தால் மூடிப் பிடித்தோம். இரண்டு மாதம் இருக்கும். பிடித்த தம்பிக்கு நல்ல கடி. சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, மழையோடு மழையாக ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நோய் ஊசி போட்டான். தெருக்குட்டி பிடிக்கிறவர்கள் இதில் பஞ்சிப்படக்கூடாது.

மாமியின் பெட்டை இன்றைக்கு வந்தவர் போனவர் எல்லாருடைய மடியிலும் ஏறும். ஒரே தாய், ஒரே கொட்டில். குணமும் கொஞ்சம் பிறப்போடு வருவதுதான், ஆனாலும் கை பட்ட வயது பெரிய காரணம். இரண்டாம் கிழமையிலிருந்து ஏழாம் கிழமை வரை மனிதக் கை பழகிய குட்டி மனிதரையும் தன் ஆட்களில் சேர்த்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் பழகும், தன் கணக்கில் பழகும். அதற்காகக் கண் திறந்ததும் தாயிடமிருந்து பறித்து வராதீர்கள். எட்டுக் கிழமையாவது தாயோடு இருக்கவேண்டும். மாமி செய்ததுபோலத் தாயோடு விட்டுவிட்டே கை பழக்கலாம். தாயில்லாக் குட்டிக்குப் பசுப்பால் கொடுத்தால் வயிற்றால் போகும், சின்ன உடம்பு தாங்காது. குட்டிகளுக்கென்று பால்மா இருக்கிறது, மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் பூனைச் சாப்பாடு ஒரு தனிப் பிரச்சினை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, இல்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் 25 நாளும் இல்லை. பூனைக்கோ மச்சம் இல்லாமல் சரிவராது. டோரின் என்ற சத்தை அதன் உடம்பு போதிய அளவு செய்யாது, மீன் இறைச்சியிலிருந்துதான் எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் நாளடைவில் கண்ணும் இதயமும் கெடும். முதல் திருவிழாவுக்கு அம்மா பருப்பும் சோறும் வைத்துப் பார்த்தார். வரியன் மணந்துவிட்டு மாமி வீட்டுக்குப் போய்விட்டான். அவர்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள்; விரதம் எங்களுக்குத்தான். கடைசியில் கிணற்றடியில் மூன்று கல் வைத்து, தனிச் சட்டியில் சூடை மீன் அவிப்பதென்று முடிவானது. அம்மா அந்தச் சட்டியைத் தொடமாட்டார். ஆனால் தூர நின்று "முள்ளை எடுத்தியா?" என்று கேட்பார். மிச்சக் குழம்பு மட்டும் வேண்டவே வேண்டாம். எங்கள் ஊரில் வெங்காயமும் உள்ளியும் இல்லாத கறி ஏது, அவை இரண்டும் பூனையின் செங்குருதிக் கலங்களை உடைக்கும்.

கடுவன் என்றால் ஐந்தாறு மாதத்தில் நலமடித்துவிடுங்கள். வரியனுக்கு நாள் குறித்திருந்த நேரம் பார்த்துச் சண்டையில் முதுகில் கடி வாங்கி, சீழ் கட்டி, காய்ச்சலில் கிடந்தான். ஒழுங்கையில் ஒருவர் அரைப் பனடோல் (பரசிற்றமோல்) கரைத்துப் பருக்கச் சொன்னார். பூனைக்கு அது நஞ்சு, ஒரு குளிசையே ஆளை முடித்துவிடும். வைத்தியர் கீறிச் சீழ் எடுத்து மருந்து தந்தார். புண் ஆறியதும் நலமடித்தோம். ஊர் சுற்றுவது குறைந்தது, வீட்டில் நிற்கும் நேரம் கூடியது.

ஆனாலும் அவன் உண்மையாக ஒட்டியது 2022இல். பொருளாதார நெருக்கடியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலம். விசிறி இல்லாமல் உள்ளே படுக்க முடியாமல் எல்லாரும் முற்றத்தில் பாய் போட்டோம். மதிலில் இருந்து பார்ப்பவன் முதலில் கிணற்றுக்கட்டுக்கு வந்தான். பிறகு பாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் படுத்தான். பெற்றோல் வரிசையில் நின்ற களைப்பில் அவனைக் கூப்பிடவோ கை நீட்டவோ ஒருவருக்கும் தெம்பில்லை. அதுதான் அவனுக்குப் பிடித்ததோ என்னவோ. நாங்கள் திரும்ப உள்ளே படுக்கத் தொடங்கியபோது அவனும் உள்ளே வந்தான்.

அப்புறம்தான் கத்தத் தொடங்கினான். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்று கத்துவது குறைவு, அது பெரும்பாலும் மனிதரோடு பேசும் பேச்சு. என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் படலைக்கு வந்து, வாலை நேரே தூக்கிக்கொண்டு குசினி வரை முன்னால் போவான். தூர இருந்து கண்ணை மெல்ல மூடித் திறப்பான், நானும் திருப்பிச் செய்வேன். விசர் வேலை என்று தங்கச்சி சிரிப்பாள். ஆனால் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2020இல் எழுதியிருக்கிறார்கள். மனிதர் அப்படிக் கண்ணை மூடித் திறந்தால் பூனையும் திருப்பிச் செய்வது கூடுகிறதாம், முன்பின் தெரியாத ஆளிடம்கூடக் கிட்ட வருகிறதாம்.

உங்கள் குட்டியை ஒளித்த இடத்திலிருந்து இழுத்து எடுக்காதீர்கள். தினமும் ஒரே நேரத்துக்குச் சாப்பாடு வைத்துவிட்டு, அதே அறையில் இருந்து உங்கள் பாட்டுக்குப் போனைப் பாருங்கள். அது வந்து மணந்தால் விரலை மட்டும் நீட்டுங்கள். தடவுவதென்றால் கன்னமும் காதடியும். வயிற்றில் கை வைத்தால் தம்பிக்கு நடந்ததுதான்.