ஒரே நாளில் கோலாலம்பூர்க் கட்டடங்கள்: எங்கிருந்து தொடங்கலாம்?

கிள்ளானைச் சேர்ந்த வாசகி ஒருவர், பள்ளி விடுமுறையில் தம் இரு பிள்ளைகளையும் முழங்கால் வலியுள்ள மாமியாரையும் அழைத்துக்கொண்டு கோலாலம்பூரின் பெயர்பெற்ற கட்டடங்களை ஒரே நாளில் பார்க்க விரும்புவதாகவும், பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்திலிருந்து தொடங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

வேண்டாம் என்பதே என் கருத்து. கோபுரத்தை மாலைக்கு ஒதுக்கிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் மஸ்ஜிட் ஜாமேக் எல்.ஆர்.டி. (இலகு ரயில்) நிலையத்தில் இறங்குங்கள். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில் 1909இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலும், ஆற்றுக்கு அப்பால் 1897இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் கட்டடமும் சில நிமிட நடையில் இருக்கின்றன. பள்ளிவாசலுக்குள் செல்ல வேண்டுமானால் வெள்ளிக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது.

இங்கே பிள்ளைகளிடம் ஆண்டுக் கணக்கை ஒப்பிப்பதைவிட, வளைவுகளை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். செங்கல் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் பட்டைகள், குதிரை லாட வடிவ வளைவுகள், வெங்காய வடிவக் குவிமாடங்கள் ஆகியவற்றை அவர்களே கண்டுபிடிப்பார்கள். கட்டடக் கலைஞர் ஏ.சி. நார்மன் முதலில் ஐரோப்பியச் செவ்வியல் பாணியில் வரைந்த திட்டத்தைப் பொதுப்பணித் துறையின் சி.இ. ஸ்பூனர் ஏற்காமல் இஸ்லாமியப் பாணியை வலியுறுத்தியதால்தான் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்திற்கு இந்த உருவம் கிடைத்தது. 1892இல் எழுந்த சென்னை உயர்நீதிமன்றத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சாயல் உடனே பிடிபடும். இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கூறுகளைக் கலந்து பிரிட்டிஷ் இந்தியாவில் வளர்ந்த இந்தோ-சரசனிக் பாணியே கடல் கடந்து இங்கு வந்தது. எதிரேயுள்ள டத்தாரான் மெர்டேக்கா திடலில் நிழல் குறைவு; மாமியாரை அங்கே நடக்க வைக்க வேண்டாம்.

அடுத்து மேடான் பசார் வழியாக நடந்தால், பழைய கடைவீடுகளின் முன்னுள்ள அஞ்சடி எனும் கூரையிட்ட நடைபாதை வெயிலையும் மழையையும் தடுக்கும். 1881இல் தீயும் வெள்ளமும் நகரை அழித்த பிறகே, பலகை, அத்தாப்பு (ஓலை) குடிசைகளுக்குப் பதிலாகச் செங்கல்லும் ஓடும் கொண்ட கட்டடங்கள் பெருகின. ஜாலான் துன் எச்.எஸ். லீயில் இருக்கும் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கச் சொல்வேன். 1873இல் தோன்றிய அக்கோயிலின் ஐந்து நிலை இராஜகோபுரத்தைப் பார்க்கும்போது, ஆங்கிலேயர் கற்பனை செய்த 'இந்தியப் பாணிக்கும்' தமிழர் தம் வழிபாட்டுக்கென எழுப்பியதற்கும் உள்ள வேறுபாடு பிள்ளைகளுக்கே விளங்கும்.

பசார் செனி எல்.ஆர்.டி. நிலையத்தில் ஏறினால் ரயில் மாறாமலே இரட்டைக் கோபுரம் இருக்கும் கே.எல்.சி.சி. சென்றுவிடலாம். சீசர் பெல்லி வடிவமைத்த, 452 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரத்தின் தளவரைபடம், ஒன்றன்மேல் ஒன்றாகத் திருப்பி வைத்த இரு சதுரங்களால் ஆன எட்டுமுனை நட்சத்திரமாகும். ரயிலில் அமர்ந்தபடியே பிள்ளைகளைத் தாளில் அதை வரைய வைக்கலாம். 41, 42ஆம் மாடிகளில் இரு கோபுரங்களையும் இணைக்கும் வான்பாலத்திற்கு ஏற விரும்பினால் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். மாமியாருக்கு அது தேவையில்லையென்றால், கீழேயுள்ள பூங்காவில் ஒருவர் துணையிருக்க அவர் ஓய்வெடுக்கலாம்.